குட்டிக் கார் பந்தயத்தில் ஏமாற்று வேலை: பிள்ளைகளுக்கான போட்டியில் அதைத் தடுப்பது எப்படி?

பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபம். பள்ளி விடுமுறை. நடுவில் மூன்று தடங்கள் கொண்ட பிளாஸ்டிக் ஓடுதளம், அதைச் சுற்றிக் கையில் குட்டிக் கார்களோடு முப்பது நாற்பது பிள்ளைகள். பின்னால் பெற்றோர், கைப்பேசியை வீடியோவுக்குத் தயாராக வைத்துக்கொண்டு.

இப்படி ஒரு போட்டியை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். கோயில் இளைஞர் பிரிவோ, தாமான் குடியிருப்பாளர் சங்கமோ, நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளியோ கேட்டிருக்கலாம். "நீங்கதான் சின்ன வயசுல தாமியா ஓட்டுன ஆளாச்சே, நீங்களே நடத்திடுங்க" என்பார்கள். நீங்களும் தலையாட்டிவிடுவீர்கள்.

முதல் சுற்று முடிவதற்குள் ஓர் அப்பா உங்களிடம் வருவார். "தம்பி, அந்தப் பையன் மோட்டார் ஒரிஜினல் இல்ல. கழற்றிப் பாருங்க."

இப்போது என்ன செய்வீர்கள்? கழற்றினால் ஒரு பத்து வயதுப் பிள்ளை எல்லார் முன்னாலும் தலைகுனிந்து நிற்கும். கழற்றாவிட்டால் போட்டி மேல் யாருக்கும் நம்பிக்கை இருக்காது. இந்த நிலை வராமல் இருக்க, பந்தய நாளுக்கு முன்பே என்னென்ன செய்யலாம் என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எந்தப் பந்தயங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

பிள்ளைகளுக்கான மாடல் கார் பந்தயங்களில் பிரபலமானவை மூன்று வகை.

முதலாவது, நம் ஊரில் பலரும் 'தாமியா' என்றே அழைக்கும் மினி ஃபோர் வீல் டிரைவ் கார்கள். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1982ல் இவற்றை அறிமுகப்படுத்தியது. ரிமோட் கிடையாது. இரண்டு பேட்டரி, ஒரு சின்ன மோட்டார், நான்கு சக்கரத்துக்கும் இயக்கம், ஓரங்களில் உருளும் ரோலர்கள். சுவிட்சைப் போட்டுத் தடத்தில் விட்டால், சுவரை ஒட்டித் தானாக ஓடும். ஜப்பான் கப் போட்டி 1988ல் தொடங்கியது. 90களில் மலேசியாவில் வளர்ந்த உங்கள் அண்ணன், மாமாவிடம் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

இரண்டாவது, அமெரிக்கச் சாரணச் சிறுவர்களின் பைன்வுட் டெர்பி. 1953ல் கலிபோர்னியாவில் டான் மர்ஃபி என்ற சாரணத் தலைவர் தொடங்கியது. ஒரு மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், அச்சாக நான்கு ஆணி. மோட்டார் இல்லை, சரிவிலிருந்து விட்டால் புவியீர்ப்பு விசையில் ஓடும்.

மூன்றாவது, மாணவர்கள் கணினியில் வடிவமைத்து, கரியமில வாயு அடைத்த சிறு குப்பியின் விசையில் 20 மீட்டர் தடத்தில் ஓடவிடும் 'எஃப்1 இன் ஸ்கூல்ஸ்' போட்டி. இப்போது இதன் பெயர் 'ஸ்டெம் ரேசிங்'. இதன் 2011 உலக இறுதிப்போட்டி கோலாலம்பூரில்தான் நடந்தது.

மூன்றும் வேறு வேறு. ஆனால் மூன்றையும் நடத்துபவர்களுக்கு ஒரே தலைவலி: கார் யாருடைய கையால் ஆனது, உள்ளே என்ன இருக்கிறது?

ஏமாற்றுவது பிள்ளைகளா?

பெரும்பாலும் இல்லை. இதைப் புரிந்துகொள்ள, மாடல் கார் பந்தயத்தின் பெரிய அண்ணன் என்று சொல்லக்கூடிய ஒரு போட்டியில் நடந்ததைப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள அக்ரோன் நகரில் 1935 முதல் 'சோப் பாக்ஸ் டெர்பி' என்ற தேசியப் போட்டி நடக்கிறது. மோட்டார் இல்லாத வண்டியைப் பிள்ளைகளே செய்து, அதில் தாங்களே உட்கார்ந்து, சரிவில் ஓட்டிவர வேண்டும். 1973 ஆகஸ்டில் நடந்த போட்டியில் கொலராடோவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் முதலிடம் பெற்றான். ஒவ்வொரு முறையும் புறப்பட்ட நொடியிலேயே அவன் வண்டி மட்டும் எகிறி முன்னால் போனது. அதைவிட விநோதம், சுற்றுக்குச் சுற்று அவன் எடுத்துக்கொண்ட நேரம் கூடிக்கொண்டே வந்தது. சரிவில் தானாக உருளும் வண்டி போகப் போக இப்படிச் சோர்ந்துபோகக் காரணமே இல்லை.

அதிகாரிகள் வண்டியை எக்ஸ்ரே எடுத்தார்கள். மூக்குப் பகுதியில் ஒரு மின்காந்தம் இருந்தது. சிறுவன் தலையைப் பின்னால் சாய்த்து அழுத்தினால் அது இயங்கும். புறப்படும் இடத்தில் வண்டியைத் தடுத்து நிறுத்தும் இரும்புத் தகடு முன்பக்கமாகச் சாயும்போது, காந்தம் அதைப் பிடித்துக்கொண்டு வண்டியையும் சேர்த்து முன்னால் இழுத்துவிடும். பேட்டரி தீரத் தீர இழுப்பும் குறைந்தது. நேரம் கூடியதன் ரகசியம் அதுதான். இரண்டு நாளில் பட்டம் பறிக்கப்பட்டு, இரண்டாமிடம் வந்தவருக்குப் போனது.

இந்த யோசனை யாருடையது? சிறுவனை வளர்த்துவந்த மாமாவுடையது. பனிச்சறுக்குக் காலணி தயாரித்துப் பெரும் பணம் சம்பாதித்த தொழிலதிபர் அவர். அதற்கு முந்தைய ஆண்டு அவருடைய சொந்த மகன்தான் சாம்பியன். வண்டிக்கு இவ்வளவுதான் செலவு செய்யலாம் என்று விதி இருந்தும், இந்த வண்டிக்குப் பல ஆயிரம் டாலர் செலவாகியிருக்கும் என்று மதிப்பிடப்பட்டது. தான் செய்ததை அவர் ஒப்புக்கொண்டார். கூடவே, மற்றவர்களும் விதியை மீறத்தான் செய்கிறார்கள் என்றும் வாதாடினார். கடைசியில் ஒரு சிறுவர் மன்றத்துக்கு 2,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்.

ஆனால் பத்திரிகைகளில் நாடு முழுக்க அடிபட்டது அந்தச் சிறுவனின் பெயர். ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் அவன் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். இந்தக் கட்டுரையில் நாங்கள் அதைத் தவிர்த்திருக்கிறோம்.

உங்கள் மண்டபத்திலும் நிலைமை இதுதான். விதிமீறல் பெரும்பாலும் பெரியவர் கையிலிருந்து வரும். தண்டனை மட்டும் பிள்ளை தலையில் விழும். அதனால் பிள்ளைகளைச் சந்தேகத்தோடு பார்ப்பதைவிட, பெரியவர்கள் ஏமாற்றினாலும் பலன் கிடைக்காதபடி போட்டியை அமைப்பதே நல்ல வழி.

ஒரு குட்டிக் காரில் எங்கெல்லாம் ஏமாற்ற முடியும்?

உள்ளங்கையில் அடங்கும் தாமியா காரில் இத்தனை இடம் இருக்கிறதா என்று நீங்களே வியப்பீர்கள்.

மோட்டார்: எல்லா மினி கார் மோட்டார்களும் வெளித்தோற்றத்தில் கிட்டத்தட்ட ஒரே அளவு. வேகம்தான் வேறு. தாமியா தரும் கணக்குப்படி ரெவ் டியூன்ட் 2 மோட்டார் நிமிடத்துக்கு 13,400 முதல் 15,200 சுற்று சுற்றும். ஸ்பிரின்ட் டேஷ் மோட்டார் 20,700 முதல் 27,200 வரை போகும். வேகமான மோட்டாரின் உள்பாகத்தை எடுத்து மெதுவான மோட்டாரின் கூட்டுக்குள் வைத்துவிட்டால், பார்வைக்கு எதுவும் தெரியாது. கம்பிச் சுருளை மாற்றிச் சுற்றுபவர்களும் உண்டு. மோட்டாரைத் திறக்கவே கூடாது என்பது தாமியா போட்டிகளின் அடிப்படை விதி.

பேட்டரி: இது வெறும் ஏமாற்று மட்டுமல்ல, ஆபத்தும்கூட. சாதாரண டபுள் ஏ அல்கலைன் பேட்டரி 1.5 வோல்ட். மறுமின்னேற்றம் செய்யும் நிக்கல் பேட்டரி 1.2 வோல்ட். ஆனால் அதே அளவில், பார்க்க அதே மாதிரி இருக்கும் 14500 என்ற லித்தியம் பேட்டரி 3.7 வோல்ட். அதைப் போட்டால் கார் பறக்கும். மோட்டாரும் கம்பியும் அளவுக்கு மேல் சூடாகும், தீப்பிடிக்கவும் வாய்ப்புண்டு. பிள்ளையின் கையில் இருக்கும் பொருளில் இதை அனுமதிக்கவே கூடாது.

இயக்கம்: முன்சக்கரத்துக்குப் போகும் பல்சக்கரத்தைக் கழற்றிவிட்டால் உராய்வு குறையும். கார் இரண்டு சக்கர இயக்கத்தில் ஓடும். பெயரிலேயே ஃபோர் வீல் டிரைவ் இருப்பதால் இது விதிமீறல்.

எடை, அளவு: தாமியா விதிப்படி காரின் அகலம் 105, நீளம் 165, உயரம் 70 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. மோட்டார், பேட்டரியோடு எடை குறைந்தது 90 கிராம் இருக்க வேண்டும்.

டயர்: பிடிமானத்துக்காக டயரில் எதையாவது தடவுவது. அது தடத்தில் ஒட்டிக்கொண்டு அடுத்து வரும் கார்களையும் கெடுக்கும்.

கை: 'விடு' என்றதும் காரை விடுவதற்குப் பதிலாகத் தள்ளிவிடுவது. பரிசோதனை முடிந்த பிறகு கழிப்பறைக்குப் போகும் சாக்கில் மோட்டாரை மாற்றுவது. ஆறாம் ஆண்டு மாணவனின் காரைத் தம்பி பெயரில் பதிவது.

நடுவர்: இதை யாரும் வெளியே பேசுவதில்லை. சுற்றுகளை எண்ணுபவரின் சொந்தப் பிள்ளை அதே சுற்றில் ஓடினால், அவர் நேர்மையாகவே எண்ணினாலும் பார்ப்பவர்கள் நம்ப மாட்டார்கள்.

அப்படியென்றால் காரை மாற்றியமைப்பதே தப்பா?

இல்லவே இல்லை. மினி கார் பந்தயத்தின் சுவையே அதில்தான். எந்த ரோலரை எங்கே வைப்பது, எந்தப் பல்சக்கரம் போடுவது, வளைவில் எகிறாமல் இருக்க எடையை எங்கே தொங்கவிடுவது என்று யோசிக்கும்போதுதான் பிள்ளை இயற்பியல் கற்றுக்கொள்கிறது. வெறும் வேகம் மட்டும் இருந்தால் கார் முதல் வளைவிலோ தடம் மாறும் மேட்டிலோ எகிறி வெளியே விழுந்துவிடும். திருட்டு மோட்டார் போட்ட பல கார்களுக்கு இதுவே கதி.

ஆக, எது திறமை, எது ஏமாற்று? கோட்டைப் போட வேண்டியது உங்கள் விதித்தாள்தான். உதாரணத்துக்கு, புதிய மோட்டாரைக் குறைந்த மின்னழுத்தத்தில் சிறிது நேரம் ஓடவிட்டு இளக்குவது பழைய வழக்கம். மோட்டாரைத் திறக்காமலே செய்யலாம். இதை அனுமதிக்கிறீர்களா, இல்லையா? தாளில் இல்லாவிட்டால், செய்தவரைக் குற்றம் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. "சொல்லவே இல்லையே அண்ணே" என்று அந்தப் பிள்ளை கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

விதிகளை எப்படி எழுதுவது?

ஒரு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள். பத்து வயதுப் பிள்ளை தானே படித்துப் புரிந்துகொள்ளும்படி தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள். பதிவு தொடங்கும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள். பந்தயத்தன்று காலையில் புது விதி சொன்னால் அது உங்கள் பக்கத்துத் தப்பு.

'நேர்மையாக நடந்துகொள்ள வேண்டும்' போன்ற வரிகளால் பயனில்லை. அளந்து பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள். இன்ன மோட்டார், இன்ன பேட்டரி, இத்தனை கிராம், இத்தனை மில்லிமீட்டர். அளக்க முடியாத விதியை அமல்படுத்தவும் முடியாது; அது சண்டையில்தான் முடியும்.

புதிதாக நடத்துபவர்களுக்கு மிகவும் ஏற்றது 'பாக்ஸ் ஸ்டாக்' முறை. அதாவது கடையில் வாங்கிய பெட்டிக்குள் என்ன இருந்ததோ அதை மட்டும் வைத்து ஓட்டுவது. கூடுதல் ரோலரும் கார்பன் தகடும் தனித்தனியாக வாங்கத் தொடங்கினால், அவற்றின் விலை காரின் விலையைத் தாண்டிவிடும். பணம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கும், அம்மா ஒரே ஒரு கிட் வாங்கித் தந்து அனுப்பிய பிள்ளைக்கும் இடைவெளி அங்கேதான் திறக்கிறது. அதை முழுதாக மூட முடியாது. ஆனால் பாக்ஸ் ஸ்டாக் முறையில் பெருமளவு குறைக்கலாம்.

வயதுப் பிரிவுகளையும் தெளிவாகப் பிரியுங்கள். 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மைகிட், அதற்கு மேல் மைகார்ட். பதிவு மேசையில் ஒருமுறை காட்டச் சொன்னால் போதும்.

பெரியவர்களுக்குத் தனிப் பிரிவு எதற்கு?

அப்பா கையில் கார் இருக்கும்வரை அது பிள்ளையின் கார் ஆகாது. ஆனால் "அப்பா, நீங்க தொடாதீங்க" என்று சொன்னால் கேட்பாரா? பைன்வுட் டெர்பி நடத்தும் பல சாரணக் குழுக்கள் கண்ட வழி எளிது: பெரியவர்களுக்கு ஒரு தனிப் பந்தயம். மோட்டார், ரோலர், கார்பன், என்ன வேண்டுமானாலும் போட்டு அவர்களே ஓட்டட்டும். ஆசை அங்கே தீர்ந்துவிடும். பிள்ளையின் கார் பிள்ளையிடமே இருக்கும்.

இன்னொரு வழி, காரை மண்டபத்திலேயே கட்டச் சொல்வது. எல்லாருக்கும் சீல் பிரிக்காத கிட். ஒன்றரை, இரண்டு மணி நேரம். பெற்றோர் கயிற்றுக்கு வெளியே. சின்னப் பிள்ளைகளுக்கு உதவ உங்கள் தன்னார்வலர்கள் இருக்கலாம், எல்லாருக்கும் பொதுவாக. நேரம் கூடுதலாகும். ஆனால் 'இதை யார் செய்தது' என்ற கேள்வியே எழாது.

பந்தய நாளில் என்ன செய்ய வேண்டும்?

1. பரிசோதனை மேசை. சமையலறை மின்தராசு ஒன்று, அடிக்கோல் ஒன்று, மல்டிமீட்டர் ஒன்று. இவ்வளவும் இருந்தால் போதும். அளவு பார்க்க, உள்ளளவு 165க்கு 105 மில்லிமீட்டர் உள்ள ஓர் அட்டைப் பெட்டியைச் செய்துகொள்ளுங்கள். கார் அதற்குள் அடங்கினால் சரி. யாரும் வாதாட முடியாது. காரைக் கையில் தூக்கி சுவிட்சைப் போடுங்கள், நான்கு சக்கரமும் சுற்றுகிறதா என்று பாருங்கள். மோட்டாரின் பின்மூடியைப் பிடித்திருக்கும் உலோக மடிப்புகளில் குறடு பட்ட கீறல் இருந்தால், அது திறக்கப்பட்டிருக்கலாம். மோட்டாரின் சத்தத்தை வைத்துச் சுழற்சியைக் கணக்கிடும் கைப்பேசிச் செயலிகளும் இருக்கின்றன. துல்லியமான தீர்ப்புக்கு இல்லாவிட்டாலும், எதைக் கூர்ந்து பார்க்க வேண்டும் என்று அவை காட்டிக்கொடுக்கும்.

2. மோட்டார் குலுக்கல். இதுதான் எல்லாவற்றிலும் பலமான ஆயுதம். ஒரே வகை மோட்டார்களை நீங்களே வாங்கி ஒரு பெட்டியில் போடுங்கள். பிள்ளை வந்து கண்ணை மூடி ஒன்றை எடுத்து, உங்கள் முன்னாலேயே காரில் பொருத்தட்டும். முடிந்ததும் திருப்பித் தரட்டும். மேலே சொன்ன கணக்கைப் பாருங்கள், ஒரே வகை மோட்டாரிலும் 13,400க்கும் 15,200க்கும் இடையே வித்தியாசம் இருக்கிறது. குலுக்கலில் அது அவரவர் அதிர்ஷ்டம். வீட்டில் மோட்டாரைத் திறந்து வேலை செய்தவருக்கு அதனால் ஒரு பைசா பலன் இல்லை. பேட்டரியும் அப்படியே: ஒரே பாக்கெட்டிலிருந்து, புறப்படும் இடத்தில், ஆளுக்கு இரண்டு.

3. முத்திரையும் காவலும். பரிசோதனை முடிந்த காரின் மேல்கூட்டையும் அடிச்சட்டத்தையும் சேர்த்து, பிரித்தால் கிழியும் காகித ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அதன் பிறகு கார்கள் எல்லாம் ஒரே மேசையில், கயிறு கட்டிய எல்லைக்குள். ஓடும் முறை வரும்போது மட்டும் பிள்ளை வந்து எடுத்துப்போகலாம். பேட்டரியோ மோட்டாரோ மாற்ற ஸ்டிக்கரைக் கிழிக்க வேண்டியிருந்தால், அது மேசையிலேயே, உங்கள் ஆள் முன்னால் நடக்கட்டும்; பிறகு புது ஸ்டிக்கர். ஃபார்முலா ஒன் பார்ப்பவர்களுக்குத் தெரியும், அங்கேயும் கார்களை இப்படித்தான் காவலில் வைக்கிறார்கள். 1999 முதல் 2017 வரை செப்பாங்கில் நடந்ததும் அதே முறைதான்.

4. ஓடிய பிறகும் ஒரு பார்வை. ஒரே ஒரு சமயத்தில் மட்டும் சோதித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஃபார்முலா ஒன்னிலேயே உதாரணம் உண்டு. 1984ல் டைரல் அணியின் கார், பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் ஈயக் குண்டுகள் கலந்த நீரைத் தொட்டியில் நிரப்பி எடையை ஏற்றிக்கொண்டதாகக் குற்றம் சாட்டப்பட்டது. முடிவில் நிறுத்துப் பார்த்தால் எடை சரியாக இருக்கும்; ஓடும்போது இருக்காது. அந்த ஆண்டு அணியின் எல்லா முடிவுகளும் ரத்தாயின. உங்கள் போட்டியில் ஒவ்வொரு சுற்றிலும் வென்ற காரையும், எண்ணைக் குலுக்கி எடுத்து இன்னொரு காரையும் மறுபடி பார்த்தால் போதும். வென்றவரை மட்டும் பார்த்தால் அது சந்தேகம் மாதிரித் தெரியும். குலுக்கலில் இன்னொருவரும் வந்தால் அது வழக்கமாகிவிடும்.

5. தடம் எல்லாருக்கும் சமம். தாமியாவின் மூன்று தட ஓடுதளத்தில், கார் ஒவ்வொரு சுற்றிலும் அடுத்த தடத்துக்கு மாறும். மூன்று சுற்று ஓடினால் எல்லாக் கார்களும் மூன்று தடங்களிலும் ஓடி, ஒரே தூரத்தைக் கடந்திருக்கும். அதனால் சுற்றுகளின் எண்ணிக்கை எப்போதும் மூன்றின் மடங்காக இருக்கட்டும். சரிவுப் பந்தயம் என்றால், ஒவ்வொரு காரையும் ஒவ்வொரு தடத்திலும் ஒருமுறை ஓடவிட்டு நேரத்தைக் கூட்டுங்கள். ஒரே ஓட்டத்தில் தோற்றவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பிள்ளைகள் வந்தது ஓட்டத்தான்.

6. சொந்தப் பிள்ளை ஓடும்போது நடுவர் விலகட்டும். அதைத் தொடக்கத்திலேயே மைக்கில் சொல்லிவிடுங்கள். முடிவுக் கோட்டில் ஒரு கைப்பேசியை நிறுத்தி மெதுவோட்ட வீடியோ எடுத்தால் பாதி வாக்குவாதம் குறையும்.

அக்ரோன் பிறகு என்ன செய்தது?

சோப் பாக்ஸ் டெர்பி 1973உடன் நின்றுவிடவில்லை, இன்றும் நடக்கிறது. ஆனால் இன்று பிள்ளைகள் வண்டி கட்டுவது அதிகாரப்பூர்வ கிட்டை வைத்து. பல உள்ளூர்ப் போட்டிகளில் இரண்டு வண்டிகளை ஓடவிட்டு, பிறகு அவற்றின் தடத்தை மட்டுமல்ல, சக்கரங்களையே ஒன்றுக்கொன்று மாற்றிப் போட்டு மறுபடி ஓடவிடுகிறார்கள். இரண்டு ஓட்டத்தின் நேர வித்தியாசத்தைச் சேர்த்துத்தான் வெற்றி.

யோசித்துப் பாருங்கள். சக்கரத்தில் யாராவது வேலை காட்டியிருந்தால், இரண்டாவது ஓட்டத்தில் அது எதிராளிக்குப் போய்விடும். யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை, எதையும் எக்ஸ்ரே எடுக்க வேண்டியதில்லை. மோட்டார் குலுக்கலின் யுக்தியும் இதேதான்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒருவர் பிடிபட்டால்?

முதலில் மைக்கை அணையுங்கள். பிள்ளையையும் பெற்றோரையும் ஓரமாக அழைத்துப் பேசுங்கள். தவறு என்றே எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்; நிஜமாகவே பல நேரம் அது தவறுதான். கடைக்காரர் தவறான மோட்டாரைக் கொடுத்திருக்கலாம், வாங்கியது போலியாக இருக்கலாம், அண்ணன் பழைய காரை அப்படியே தந்திருக்கலாம். "தம்பி, இந்த மோட்டார் நம்ம விதியில இல்லப்பா. இதைக் கழற்றிட்டு பெட்டியில இருந்து ஒன்னு எடுத்துக்கோ" என்று சொல்லி ஓடவிடுங்கள். ஏற்கெனவே ஓடிய ஓட்டம் கணக்கில் வராது, அவ்வளவுதான்.

தெரிந்தே செய்திருந்தால்? முத்திரையைக் கிழித்து மாற்றியது போல ஐயத்துக்கு இடமில்லாத விஷயம் என்றால், அந்தக் காருக்குப் பரிசு இல்லை. அதையும் விதித்தாளில் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும். ஆனால் அந்தப் பிள்ளையின் பெயரை அறிவிக்காதீர்கள். படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், போடுபவரைத் தடுங்கள். அடுத்த வாரமும் அந்தப் பிள்ளை அதே பள்ளிக்கு, அதே கோயிலுக்குத்தான் போக வேண்டும்.

புகார் சொல்ல ஒரு முறையும் வேண்டும். யாரும் தடத்துக்கு வந்து கத்தக்கூடாது. சந்தேகம் உள்ளவர் பரிசோதனை மேசைக்கு வந்து சொல்லட்டும். அப்போது புகார் சொன்னவரின் பிள்ளையின் காரும் சேர்த்தே சோதிக்கப்படும். இந்த ஒரு விதியே வீண் புகார்களைப் பாதியாகக் குறைத்துவிடும்.

பரிசு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்?

சிறியதாக. ஆயிரம் ரிங்கிட் ரொக்கம் என்று சுவரொட்டி அடித்தால், பிள்ளைகளோடு சேர்த்துப் பெரியவர்களையும் பந்தயத்துக்குள் இழுக்கிறீர்கள். ஒரு கிண்ணம், ஒரு நற்சான்றிதழ், ஒரு புது கிட் போதும். வேகத்துக்கு மட்டும் பரிசு தராதீர்கள். அழகான வண்ணம், ஒருமுறைகூடத் தடத்தைவிட்டு எகிறாத கார், பக்கத்துப் பிள்ளைக்குத் திருகாணி கடன் கொடுத்த பிள்ளை என்று பலவற்றுக்கும் பரிசு தரலாம். வேகமாக ஓடியே தீர வேண்டும் என்ற அழுத்தம் அப்போது தானாகக் குறையும்.

வென்ற பிள்ளையிடம் ஒரு கேள்வி கேளுங்கள். விசாரணை தொனியில் வேண்டாம், ஆர்வத்தோடு, எல்லார் முன்னாலும்: "இந்தக் காரை எப்படிச் செஞ்சே, சொல்லேன்." தானே செய்த பிள்ளைக்கு அப்போது வாய் ஓயாது. எந்த ரோலர் விழுந்தது, எந்தத் திருகாணி தொலைந்தது, அம்மா தூங்கச் சொன்ன பிறகும் எத்தனை மணி வரை உட்கார்ந்திருந்தது எல்லாம் வெளியே வரும். அடுத்த ஆண்டும் அதுதான் கேள்வி என்று தெரிந்தால், வீட்டில் திருப்புளி யார் கைக்குப் போகும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

மறக்காமல் வைத்துக்கொள்ள

ஒரு பக்க விதித்தாள், பதிவு நாளிலேயே. பாக்ஸ் ஸ்டாக் பிரிவு. பெரியவர்களுக்குத் தனிப் பந்தயம். தராசு, அட்டைப் பெட்டி, மல்டிமீட்டர். மோட்டாரும் பேட்டரியும் உங்கள் பெட்டியிலிருந்து. முத்திரை, காவல் மேசை. ஓடிய பிறகு மறுபரிசோதனை. மூன்றின் மடங்கில் சுற்றுகள். சொந்தப் பிள்ளைக்கு நடுவராக இருக்காத நடுவர். சிறிய பரிசு.

இத்தனையும் தயாராக இருந்தால், அந்த அப்பா வந்து "மோட்டார் ஒரிஜினல் இல்ல" என்று சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்கும்: "அண்ணே, அது எங்க பெட்டியில இருந்து அந்தப் பையனே கண்ணை மூடி எடுத்த மோட்டார். உங்க மகனும் அதே பெட்டியிலதான் எடுத்தான்."